அசைன்மென்டில் 92, பரீட்சையில் 36: ஏன்?

கேள்வி: தடாவிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் சென்னை போய் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியில் கிரெடிட் கொடுப்பார்கள் என்பதால் என்பிடெல் என்ற இணையவழிப் படிப்புத் திட்டத்தில் நிகழ்தகவு பற்றிய 12 வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். வீடியோ ஒன்றைக்கூட விடவில்லை. சிலவற்றை இரண்டு முறை பார்த்தேன். அசைன்மென்ட் எல்லாம் நானே போட்டதுதான், சராசரி 92. ஆயிரம் ரூபாய் கட்டிப் பரீட்சை எழுதினால் நூற்றுக்கு 36. மொத்தம் 50 வந்தும் சர்டிபிகேட் கிடையாதாம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு மீடியம், எங்கள் தெருவில் சிக்னலும் சுமார். ஆன்லைன் படிப்பு எனக்கு ஒத்துவராதா?

- ஒரு வாசகர், தடா

பதில்: மதிப்பெண்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்து எழுதியதற்கு நன்றி. வெறுமனே ‘ஃபெயில் ஆகிவிட்டேன்’ என்று எழுதியிருந்தால் என்னால் பொதுவாக ஏதாவது சொல்லத்தான் முடிந்திருக்கும். 92, 36 என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். பதில் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். 12 வாரப் பாடத்தில் நீங்கள் அதிக மதிப்பெண் வாங்கிய 8 அசைன்மென்ட்களின் சராசரியை எடுத்து 25-க்கு மாற்றுவார்கள். உங்களுக்கு 23. பரீட்சையை 75-க்கு மாற்றுவார்கள். உங்களுக்கு 27. கூட்டினால் 50, சரிதான். ஆனால் சான்றிதழுக்கு இரண்டு கதவுகளையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும்: அசைன்மென்டில் 25-க்கு 10, பரீட்சையில் 75-க்கு 30. நீங்கள் இரண்டாவது கதவில் 3 மதிப்பெண்ணில் நின்றுவிட்டீர்கள். அசைன்மென்டை வீட்டில் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டும் போடலாம், கெடு முடியும்வரை திருத்தித் திருத்தி அனுப்பலாம். பரீட்சை மையத்தில் கண்காணிப்பாளர் முன்னால் தனியாக உட்கார வேண்டும். அதற்கு முக்கால் பங்கு எடை கொடுத்திருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இனி நீங்கள் சந்தேகப்படும் மூன்று காரணங்கள். சிக்னல் மோசமாக இருந்தால் வீடியோ நின்று நின்று ஓடும், எரிச்சல் வரும். ஆனால் எல்லா வீடியோவையும் பார்த்துவிட்டதாக நீங்களே சொல்கிறீர்கள். மொழி? அது உண்மையான சுமைதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அசைன்மென்ட் கேள்விகளும் அதே ஆங்கிலத்தில்தான் இருந்தன, அதில் 92 வாங்கியிருக்கிறீர்கள். (என்பிடெல்லின் பல பாடங்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் மொழிபெயர்ப்பு உண்டு. உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள்; உங்களுக்கு இரண்டு மொழியும் உதவும்.)

மூன்றாவது, ‘எனக்கு ஒத்துவராது’ என்பது. ஆன்லைனில் படிக்க அசாத்திய மனக்கட்டுப்பாடு வேண்டும், அது சிலருக்குத்தான் வாய்க்கும் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளம் வழியாக நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2017-18-ல் கடைசிவரை முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர். நீங்களோ ரயிலுக்கும் கல்லூரிக்கும் நடுவில் 12 வாரமும் தாக்குப்பிடித்துப் பரீட்சைக் கூடம்வரை போயிருக்கிறீர்கள். கட்டுப்பாட்டுக் குறைவு என்று உங்களைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் காரணம் என்ன? அசைன்மென்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐந்தாவது வாரம் பாய்ஸான் பரவல் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதோ ஒன்று எத்தனை முறை நிகழும் என்று கணிக்கும் சூத்திரம் அது. அந்த வார அசைன்மென்டில் பத்துக் கேள்வி இருந்தால் பத்தும் பாய்ஸான்தான். கேள்வியைப் படிக்கும் முன்பே எந்தச் சூத்திரம் என்று உங்களுக்குத் தெரியும்; எண்களைப் பொறுக்கிப் போட்டால் விடை வந்துவிடும். பரீட்சைத் தாளில் 12 வாரமும் கலந்து கிடக்கிறது, எந்தக் கேள்வியின் தலையிலும் வார எண் எழுதியிருக்காது. எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று முடிவெடுக்கும் வேலையை நீங்கள் 12 வாரத்தில் ஒரு முறைகூடச் செய்து பழகவில்லை. பரீட்சையோ அதைத்தான் கேட்டது.

இது என் யூகம் இல்லை. தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல் வெளியிட்ட சோதனை ஒன்று அப்படியே உங்கள் கதை. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவு காணச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வகையை முடித்து அடுத்த வகை என்று வரிசையாகக் கணக்கு. இன்னொரு குழுவுக்கு நான்கையும் கலந்து. பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். வரிசைக் குழு 20 சதவீதம். கலந்து போட்ட குழு 63. இப்படிக் கலந்து போடுவதைக் கலப்புப் பயிற்சி என்போம்: அடுத்தடுத்த இரண்டு கணக்குகள் ஒரே வகையாக இல்லாதபடி பார்த்துக்கொள்வது, அவ்வளவே. உங்கள் 92 பொய்யில்லை. அது வரிசைக் குழுவின் 89.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தடா ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டருக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 2 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். அடுத்த ஒரு நிமிடத்தில் யாருமே வராமலிருக்க வாய்ப்பு எவ்வளவு? இது பாய்ஸான், ‘எத்தனை பேர்’ என்ற கேள்வி. அடுத்த ஆள் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆக வாய்ப்பு எவ்வளவு? இது அடுக்குக்குறிப் பரவல், அதாவது காத்திருக்கும் நேரத்தைக் கணிக்கும் சூத்திரம். இரண்டுக்கும் விடை ஒன்றுதான், சுமார் 0.135. ஏன் ஒன்றாக வந்தது? ஒரு நிமிடம் யாரும் வரவில்லை என்பதும், அடுத்த ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதும் ஒரே நிலவரத்தை இரண்டு விதமாகச் சொல்வதுதான். இந்த இரண்டு கணக்குகளையும் வெவ்வேறு வாரத்தில் தனித்தனியாகப் போட்டவருக்கு இந்த உறவு கண்ணில் படாமலே போகலாம். பக்கத்தில் வைத்துப் போட்டால் உடனே பிடிபடும். இது பிடிபட்டவர் பரீட்சையில் சூத்திரத்தைத் தேடித் தடுமாற மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு: வீடியோவை இரண்டாம் முறை பார்த்தது. இரண்டாவது தடவை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அது பழகிய முகத்தைக் கண்ட உணர்வு. பேர் கேட்டால் நாக்கில் வராது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் இதை அளந்து பார்த்தார்கள். சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாய்களைப் பற்றியும் சிறு பத்திகளைக் கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, பத்தியை மூடிவைத்து நினைவிலிருந்தே மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், இரண்டாம் குழுவுக்கு 61. நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த முறை என்ன செய்யலாம்? வீடியோவை ஒரு தடவை மட்டும் பாருங்கள். ஆசிரியர் கேள்வியை எழுதி முடித்ததும் நிறுத்துங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் நீங்களே போட்டுப் பாருங்கள். முடிந்ததும் போனைக் கவிழ்த்துவைத்து, அந்தப் பாடத்தில் என்ன சொன்னார் என்று அரைப் பக்கம் எழுதுங்கள், தமிழிலோ தெலுங்கிலோ. அசைன்மென்டை முதல் தடவை நோட்டைத் தொடாமல் போட்டு, அந்த மதிப்பெண்ணை ஓரத்தில் குறித்துவையுங்கள். பிறகு நோட்டைப் பார்த்துத் திருத்தி அனுப்புங்கள். தளத்தில் ஏறுவது இரண்டாவது மதிப்பெண். நீங்கள் நம்ப வேண்டியது முதலாவதை.

ரயிலில் வீடியோ பார்க்க முயலாதீர்கள். கெடு முடிந்ததும் அசைன்மென்ட் விடைகளை வெளியிடுவார்களே, அவற்றை வைத்துச் சின்னச் சீட்டுகள் தயார் செய்யுங்கள்: ஒரு பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, வார எண் எழுதக் கூடாது. நான்காவது வாரத்திலிருந்து எல்லாவற்றையும் கலைத்து ஒரு கட்டாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சூலூர்ப்பேட்டையிலிருந்து வரும் லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால் பேப்பரில் போடுங்கள். நிற்க வேண்டி வந்தால் விடைகூட வேண்டாம். கேள்வியைப் படித்து எந்தச் சூத்திரம், ஏன் அது என்று மட்டும் சொல்லிப் பார்த்து அடுத்த சீட்டுக்குப் போங்கள். முதலில் நிறையத் தப்பும். ரோரர் சோதனையில் கலந்து போட்டவர்களும் 60-ல்தானே இருந்தார்கள்.

மறுபடி எழுதுவது உங்களுக்கு லாபமே. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-ல் கொண்டுவந்த விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் நடக்கும் ஸ்வயம் தளத்தின் பாடங்கள் வழியே கிரெடிட் பெறக் கல்லூரி அனுமதிக்கலாம். உங்கள் கல்லூரி எவ்வளவு ஏற்கிறது, இந்தப் பாடத்தை மறுமுறை எடுத்தால் கணக்கில் சேர்ப்பார்களா என்று துறைத் தலைவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வயம் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை, பரீட்சைக்கு மட்டுமே உண்டு. பாய்ஸானையும் அடுக்குக்குறியையும் இப்போதே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள், அதற்குப் பாடம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.