சிவப்பு முக்கோணம் வந்தால் என்ன செய்வது?

நெட்பேங்கிங் திறக்கப் போனால், குரோமில் சிவப்பு முக்கோணத்தோடு ஒரு பக்கம் வழிமறிக்கிறது. அதைப் படிக்காமலே ‘அட்வான்ஸ்டு’ பொத்தானைத் தட்டி உள்ளே நுழைபவர்கள் பலர். அந்தப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு பிழைக் குறியீடு இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

குறியீட்டில் ‘டேட் இன்வேலிட்’ என்றிருந்தால், பார்ப்பவரின் கணினித் தேதியைச் சரிபார்க்க வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032) தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கைதான். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் போதும். தேதி சரியாக இருந்து, ஒரே ஒரு தளம் மட்டும் தகராறு செய்தால், அந்தத் தளத்தார், தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான். அவர்கள் புதுப்பிக்கும்வரை அங்கே பாஸ்வேர்டு போடக் கூடாது.

‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால், சான்றிதழில் உள்ள பெயர் வேறு, திறந்த முகவரி வேறு. முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: மோசடிக்காரரும் தன் போலி முகவரிக்கு முறையான சான்றிதழ் வாங்கலாம். எச்சரிக்கை வராததாலேயே ஒரு தளம் நல்ல தளம் ஆகிவிடாது.

அதிகம் கவலைப்பட வேண்டியது ‘அத்தாரிட்டி இன்வேலிட்’. சான்றிதழ் கொடுத்தது யார் என்றே பிரவுசருக்குத் தெரியவில்லை என்று பொருள். எச்சரிக்கையை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2011இல், சான்றிதழ் வழங்கும் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கினார்கள். அதை வைத்து, ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்கள் வேவு பார்க்கப்பட்டார்கள். விஷயம் வெளியே வந்ததே, அங்கிருந்த ஒருவர் குரோம் காட்டிய எச்சரிக்கையைப் பொருட்படுத்தியதால்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலானது.

‘அத்தாரிட்டி இன்வேலிட்’ வந்தால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பார்க்கலாம். எச்சரிக்கை மறைந்தால் கோளாறு அந்த வைஃபையில். ஓட்டல், விமான நிலைய வைஃபைகளில் லாகின் பக்கம் முடியாதவரை இப்படி வருவதுண்டு. அலுவலகக் கணினி என்றால் ஆன்டிவைரஸ் காரணமாக இருக்கலாம். அதை ஐடி பிரிவிடம் கேட்பது நல்லது.

சில தளங்களில் தாண்டிப்போகும் வழியையே பிரவுசர் தராது. அங்கே குறுக்கு வழி தேட வேண்டாம். வங்கித் தளமாக இருந்தால், ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிடலாம்.