சீலியாக் நோயும் சிறுகுடலின் குருத்தணுக்களும்

முன்னுரை

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அய்யனார் கோவில். ஆற்றில் நீர் பெருகும் காலத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார மக்கள் குடும்பத்தோடு அங்குச் சென்று நீராடிக் கூடியமர்ந்து உண்பர். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் சென்றிருந்தேன். நீராடிய பசியில் அனைவரும் பரோட்டாப் பொட்டலங்களைப் பிரித்தபோது, ஒரு மாணவர் மட்டும் சற்றுத் தள்ளி அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோற்றை உண்டார். "ஒன்றே ஒன்று சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று நண்பர்கள் வற்புறுத்தினர். அவர் சிரித்தபடியே மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் காரணத்தைச் சொன்னார். சிறுவயது முதல் ஓயாத வயிற்றுப்போக்கு. வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை. இரும்புச்சத்து மாத்திரைகள் உண்டும் இரத்தசோகை தீரவில்லை. பதினான்காம் வயதில்தான் அது சீலியாக் நோய் எனத் தெரிந்தது. கோதுமையை விலக்கியதும் உடல் தேறிற்று. நோய் தீர்ந்ததென எண்ணி, விடுதியில் மீண்டும் சப்பாத்தி உண்டார். சில மாதங்களில் பழைய துன்பம் திரும்பிற்று. "குணமான குடல் மறுபடியும் ஏன் கெட்டது, ஐயா?" என்று அவர் கேட்ட வினாவிற்கு அன்று என்னிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடிக் கற்றதன் பயனே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. மாவைப் பிசையும்போது இழுபடும் தன்மையைத் தருவது இதுவே. மனிதரின் செரிமான நீர்களால் இப்புரதம் முற்றிலும் சிதைவதில்லை. சில துண்டுகள் எஞ்சுகின்றன. பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை. மரபணு வழியாக நோய்க்கு இடம் உள்ள சிலருடைய உடலோ அத்துண்டுகளைப் பகையாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் அடிபடுவது சொந்தக் குடலே.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் அடர்ந்துள்ளன. உணவின் சத்தை உறிஞ்சுபவை இவையே. சீலியாக் நோயில் இவை குட்டையாகி, இறுதியில் தரைமட்டமாகின்றன. இரும்பு, சுண்ணாம்பு, உயிர்ச்சத்துகள் ஆகியன உடலில் சேராமல் போவதற்குக் காரணம் இதுவாகும். இது தொற்றுநோயன்று, வெறும் ஒவ்வாமையும் அன்று. உடலின் தற்காப்பு உடலையே தாக்கும் நோய்.

நோய் அறியப்பட்ட வரலாறு

1888-இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விளக்கி, உணவுமுறையே இதற்கு மருந்தாக வேண்டும் என்றார். எந்த உணவு பகை என்பது அவருக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே கோதுமையின்மீது ஐயம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவி ரொட்டி கிடைக்காமல் போயிற்று. ஊரெல்லாம் பசியால் வாட, சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தனர். டிக்கே தம் ஆய்வுகளை 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வேடாக வெளியிட்டார். பின்னர் 1997-இல், இந்நோயில் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குவது திசுவிலுள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிராகவே என ஜெர்மானிய அறிஞர்கள் கண்டனர். இன்றைய இரத்தப் பரிசோதனைக்கு அதுவே அடிப்படை.

குழியில் உறையும் குருத்தணு

குடலுறிஞ்சிகளின் அடியில் சிறுசிறு குழிகள் உள்ளன. லீபர்கூன் குழிகள் எனப்படும் இவற்றின் அடித்தளத்தில் உறைபவையே ஸ்டெம் செல் என வழங்கும் குருத்தணுக்கள். வாழையின் நடுவிலிருந்து புதுக் குருத்து வந்தவண்ணம் இருப்பதுபோல, இவை ஓயாது பிரிந்து புதிய அணுக்களை ஈனுகின்றன. அவை முதிர்ந்தபடியே மேலேறி, உறிஞ்சியின் நுனியை அடைந்து உதிர்கின்றன. இப்பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிகிறது. சென்ற வாரம் நம் உணவை உறிஞ்சிய அணுக்களில் பெரும்பாலானவை இன்று நம்மிடம் இல்லை.

2007-இல் நெதர்லாந்து அறிஞர் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்குழுவினர் எலியின் குடலில் இக்குருத்தணுக்களை ஓர் அடையாளப் புரதத்தின் துணையால் இனங்கண்டனர். 2009-இல் அக்குழுவைச் சேர்ந்த தோஷிரோ சாட்டோ முதலியோர், ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து குழியும் உறிஞ்சியும் அமைந்த நுண்குடலை ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்தனர். குடலை மீண்டும் கட்டும் ஆற்றல் அச்சிறு அணுவுக்குள்ளேயே உள்ளது என்பது இதனால் உறுதியாயிற்று.

மாணவரின் வினாவிற்கு விடை இங்குதான் தொடங்குகிறது. சீலியாக் நோயில் குருத்தணுக்கள் அழிவதில்லை. மாறாக, அவை முன்னினும் விரைந்து உழைக்கின்றன. குழிகள் நீண்டு ஆழமாகின்றன. எனினும் புதிய அணுக்கள் பிறக்கும் வேகத்தை மேலே நிகழும் அழிவு விஞ்சிவிடுகிறது. கோடையில் கருகிய அடிவாரப் புல்லின் வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கும். மழை பெய்ததும் துளிர்க்கும். துளிரை ஆடுகள் அன்றாடம் மேய்ந்தால் அப்புல் எவ்வாறு தழைக்கும்? குளூட்டனை விலக்குவது ஆட்டைத் தடுப்பதற்கு ஒப்பாகும். தழைப்பது வேரின் செயல். ஆயினும், குளூட்டனைப் பகையென நினைவில் வைத்த தற்காப்பு அணுக்கள் உடலில் நெடுங்காலம் தங்கிவிடுகின்றன. குடல் புதிதானாலும் பகை பழையதே. ஆகவேதான் விலக்கு வாழ்நாள் முழுமைக்கும் உரியதாகிறது.

அணுக்கள் ஐந்து நாட்களில் புதுப்பிக்கப்பட்டாலும், சிதைந்த அமைப்பு சீர்பட நாளாகும். குழந்தைகள் விரைவில் தேறுவர். பெரியவர்களுக்கு ஆண்டுகள் ஆகலாம். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வயதுவந்த நோயாளிகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கே இரண்டாண்டுகளில் குடல் சீரடைந்திருந்தது. ஐந்தாண்டுகளில் மூவரில் இருவர்க்குச் சீரடைந்தது. பொறுமையும் மருந்தின் ஒரு பகுதி என்பதை இது காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கை

குருத்தணு என்றதும் அதனை ஊசிவழி ஏற்றிக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணக்கூடும். உணவு விலக்கிற்கும் கட்டுப்படாத, மிக அரிதான கடும் வகைக்கு, நோயாளியின் சொந்த இரத்தக் குருத்தணுக்களைக் கொண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிலருக்குச் சிகிச்சை செய்து பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். அது தற்காப்பு மண்டலத்தை மாற்றியமைக்கும் முயற்சி. குடலில் புதுக் குருத்தணுக்களை நடுவதன்று. சாதாரணச் சீலியாக் நோய்க்கு அது சிகிச்சையும் அன்று. ஏற்பு பெறாத குருத்தணுச் சிகிச்சைகளை, ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே அளித்தல் கூடாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. விளம்பரங்களை நம்பிப் பொருளை இழத்தல் வேண்டா.

தென்னாட்டு நிலை

இது வடநாட்டார் நோய், நமக்கில்லை என்று கருதுவோர் உளர். பி. எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் 23,331 பேரைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடபகுதியில் 1.23 விழுக்காட்டினரிடமும், தென்பகுதியில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடமளிக்கும் மரபணு வடக்கே 38.1 விழுக்காட்டினர்க்கும் தெற்கே 36.4 விழுக்காட்டினர்க்கும் இருந்தது. பெரிதும் வேறுபட்டது உணவே: நாளொன்றுக்குச் சராசரியாக வடக்கே 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். வித்து நம்மிடமும் உள்ளது. அரிசியும் கம்பும் கேழ்வரகும் உண்ட மண்ணில் பரோட்டாவும் பிஸ்கட்டும் அன்றாட உணவாகி வரும் நாளில் இவ்வுண்மை சிந்திக்கத்தக்கது.

செய்யத்தக்கன

நீங்காத வயிற்றுப்போக்கு, காரணம் புலப்படாத இரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரை நாடுக. சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடல் ஆகாது. நிறுத்தினால் நோய் சோதனையில் மறைந்துவிடக்கூடும். தென்னிந்தியாவில் காணப்படும் வெப்பமண்டல ஸ்ப்ரூ போன்ற பிற நோய்களும் உறிஞ்சிகளைக் குறைக்கும். எனவே ஊகித்து முடிவு செய்யலும் தவறு.

நோய் உறுதியானவர்க்கு அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, பருப்பு ஆகியன நல்லுணவு. ஆயின் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அவற்றை அரைத்தல் கூடாது. ரவையும் மைதாவும் கோதுமையே. கடைச் சேமியாவும் பெரும்பாலும் அவ்வாறே. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா பாலும் சர்க்கரையும் கொண்டு செய்வது. எனினும் சிதைந்த குடலுக்குப் பாற்சர்க்கரை செரிக்காதாகையால், குடல் தேறும்வரை பொறுத்தல் நலம். நோன்புக் கஞ்சி அரிசியால் ஆனது. உடன்வைக்கும் சமோசா மைதாவால் ஆனது. விருந்தளிப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

முடிவுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம் உடலுக்கு ஒத்த உணவை வலியுறுத்துகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியோடு அருகிருந்து பேணுவோரையும் மருத்துவத்தின் உறுப்பாக எண்ணுகிறது. சீலியாக் நோயில் மருந்து உணவு விலக்கு. ஆற்றுவது குடலின் குருத்தணு. எஞ்சிய பொறுப்பு அருகிருப்போராகிய நம்முடையது. அன்று ஆற்றங்கரையில், "ஒன்றே ஒன்று" என்று வற்புறுத்திய நண்பர்கள் அன்பினால்தான் அவ்வாறு செய்தனர். அடுத்த முறை சென்றபோது காரணத்தை அவர்கள் அறிந்திருந்தனர். பரோட்டாவை விடுத்து, அனைவருமே தயிர்ச்சோறு கொண்டுவந்தனர். அம்மாணவர் தள்ளி அமரவில்லை.