காருக்குள் இனிப்பு வாடை: ஹீட்டர் காயிலை மாற்றுவதா, பைபாஸ் போடுவதா?

போன தை மாதம் ராமநாதபுரத்திலிருந்து மூணாறுக்குக் காரில் போனோம். தனுஷ்கோடியையும் மதுரையையும் மூணாறையும் கொச்சியையும் ஒரே கயிற்றில் கோத்தது பழைய 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அந்தத் தடத்தில் போடி வரைக்கும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. போடிமெட்டு ஏறிக் குளிர் தட்டியதும், பல மாதமாகத் தொடாத குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். ஐந்து நிமிஷத்தில் வண்டிக்குள் பதநீர் காய்ச்சும் கொட்டகையின் வாடை. பின்சீட்டிலிருந்த அம்மா, "டிக்கியில வச்ச கருப்பட்டிக் கொட்டான் உருகிருச்சா பாருப்பா" என்றார். கருப்பட்டி அப்படியே இருந்தது. ஆனால் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு படலம் படர்ந்திருந்தது. துணியால் துடைத்தால் போகாமல் இழுவியது, விரலில் எண்ணெய் போல வழுக்கியது. மலைவளைவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு அந்தப் படலத்தில் பட்டுக் கண் கூசியது. வாடையை விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடற்கரை ஊரில் ஹீட்டரா என்று கேட்பவர்கள் பலர். நீங்கள் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும், இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் சூடான கூலண்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் காயில் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. குமிழைத் திருப்பினால் திரும்புவது காற்று மட்டும்தான். உள்ளே ஒரு சின்னக் கதவு திறந்து காற்றை அந்தக் காயில் மேல் விடுகிறது. அதனால் பத்து வருஷம் ஹீட்டரே போடாத ராமேஸ்வரத்து வண்டியிலும் காயில் அரிக்கும், ஓட்டை விழும். நமக்குத் தெரிய வருவது என்றைக்கோ மலை ஏறும்போதுதான்.

வாடை வந்தவுடன் ஹீட்டர் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால்தான் இனிப்பு வாடைக்குக் காரணம். அது எஞ்சின் அறையில் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்து கசிந்தாலும் வரும். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் அந்த ஆவியை உள்ளே இழுத்துவிடும். இதைப் பிரித்துப் பார்க்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றே சுற்றும்படி பொத்தானை அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் வாடை அடங்கினால் கசிவு பெரும்பாலும் பானெட்டுக்குள். அடங்காமல் கூடினால், குறிப்பாக ஹீட்டர் போட்டதும் கூடினால், டேஷ்போர்டுக்குள்.

இடது பக்க முன்சீட்டின் கால்மிதி ஈரமாக இருப்பதைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு ஏசி நிறையத் தண்ணீர் விடும். அதன் வடிகுழாய் மணலோ தூசியோ அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் உள்ளேயே வழியும். அதற்கு நிறமில்லை, விரலில் வழுக்காது, வாடை வந்தால் பூஞ்சை வாடைதான். கூலண்ட் என்றால் பச்சையோ சிவப்போ நிறம் இருக்கும், பிசுபிசுக்கும். கூடவே பானெட்டுக்குள் இருக்கும் கூலண்ட் டப்பாவில் அளவு குறையும். டப்பா குறைகிறது, வண்டிக்குள்ளும் கீழேயும் ஈரமில்லை, சைலன்சரில் மட்டும் விடாமல் வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

உறுதி செய்ய ஒரே நல்ல வழி அழுத்தச் சோதனை. எஞ்சின் முழுக்க ஆறின பிறகு, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். 0.9, 1.1 என்று பார் கணக்கில் இருக்கும். முள் கால் மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். என் வண்டியில் முள் மெல்ல இறங்கியது. எஞ்சின் பக்கம் டார்ச் அடித்துத் தேடியும் ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் தம்பி இடது பக்க மிதியடியை எடுத்துவிட்டு, கம்பளத்துக்கு அடியில் இருந்த பஞ்சில் வெள்ளைக் காகிதத்தை அழுத்திப் பிடித்தார். எடுத்தபோது காகிதம் முழுக்க வெளிர்பச்சை.

"காயில்தாண்ணே. நம்ம ஊர்ல யாரு ஹீட்டர் போடப் போறா? ரெண்டு ஹோஸையும் சேர்த்துக் கட்டி விட்டுருவமா?"

நம் பக்கத்தில் முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான், தவறான ஆலோசனையும் அல்ல. எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ளே போகும் ஹோஸ் ஒன்று, திரும்பி வரும் ஹோஸ் ஒன்று. இரண்டையும் காயிலிலிருந்து கழற்றி, அதே விட்டமுள்ள குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் காயிலுக்குக் கூலண்ட் போகாது, கசியாது. சில நூறு ரூபாயில், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். இணைப்பது முக்கியம். இரண்டு முனையையும் கட்டையால் அடைத்து விடுகிறவர்கள் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை கூலண்ட் சுற்றுவதே இந்த வழியில்தான் என்பதால், அடைப்பது ஆபத்து. இணைப்புக்குப் பித்தளை அல்லது ஸ்டீல் குழாய் போடச் சொல்லுங்கள். பிவிசி துண்டு அந்தச் சூட்டில் இளகி நடுவழியில் விட்டுவிடும்.

பைபாஸ் போட்டால் இழப்பது என்ன? மலையில் சூடு கிடைக்காது. மழைக்காலத்தில் கண்ணாடி உள்பக்கம் பனித்தால் ஏசியே காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தெளிவாக்கிவிடும் என்பதால், கீழே சமவெளியில் அது பெரிய குறையில்லை. இன்னொரு இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தம் போகும் கூட்டத்தில் பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது சூட்டு முள் ஏறினால், ஒதுங்கி நிற்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச்சூட்டில், ஃபேனை முழுவேகத்தில் போட்டால் காயில் ஒரு குட்டி ரேடியேட்டராக எஞ்சின் சூட்டை வெளியே இழுக்கும். வேர்த்து ஊற்றும், ஆனால் மண்டபம் பக்கமோ தீவுப் பக்கமோ கரை சேரலாம். பைபாஸ் போட்ட வண்டிக்கு அந்தக் கைகாவல் இல்லை.

காயிலை மாற்றுவதில் காயிலின் விலையை விடக் கூலிதான் அதிகம். சில மாடல்களில் பெடல் பக்கமாகவே உருவி எடுத்துவிடலாம். பல மாடல்களில் டேஷ்போர்டு முழுதும் இறங்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஏர்பேக் பழகிய கை செய்ய வேண்டிய வேலை அது. திறமையான ஆள் கிடைக்காவிட்டால் அவசரப்படாமல் பைபாஸில் ஓட்டிக்கொண்டு காத்திருங்கள். திரும்ப மாட்டிய டேஷ்போர்டு காலமெல்லாம் கடகடவென்று ஆடுவதை நான் பல வண்டிகளில் கேட்டிருக்கிறேன். மாற்றுவது என்று முடிவானால், அதே பெட்டிக்குள் இருக்கும் ஏசி கூலிங் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் அதுவும் நெடுநாள் தாங்காது, அதற்காக இன்னொரு தடவை டேஷ்போர்டை இறக்கக் கூடாது.

பற்றவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டிகளின் செம்பு, பித்தளைக் காயிலுக்கு ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்தால் நிற்கும். இப்போதைய அலுமினியக் காயில் பிளாஸ்டிக் தொட்டியோடு வருகிறது, பசை போட்டு ஒட்டினால் நிலைக்காது. கசிவை அடைக்கும் பொடி, லாரிக்காரர்களின் மஞ்சள் தூள் இரண்டும் ஊர் வந்து சேர மட்டும். அந்தத் துகள் ஓட்டையை அடைப்பது போலவே காயிலின் மெல்லிய குழாய்களையும் ரேடியேட்டரையும் அடைக்கும்.

என் கணக்கு இது. மண்டபம், ராமேஸ்வரம், பரமக்குடி என்று ஓடும் வாடகை வண்டி, பழைய வண்டி என்றால் பைபாஸ் போதும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொடைக்கானல், மூணாறு ஏறுகிறவர்கள், இன்னும் ஐந்தாறு வருஷம் வண்டியை வைத்திருக்கப் போகிறவர்கள் மாற்றிவிடுங்கள். நான் மாற்றினேன்.

எதைச் செய்தாலும், ஊற்றும் தண்ணீரை மாற்றாவிட்டால் செலவு வீண். கழற்றிய என் காயிலின் குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு கட்டியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அதன் அடியில் ஊசி குத்தின மாதிரி குழிகள். முன்பு வண்டியை விட்டு வந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில், கூலண்ட் குறைந்தபோதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். வீட்டில் குடிக்கக் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கிற நாம், வாயில் வைக்க முடியாத உவர்த் தண்ணீரை எஞ்சினுக்குக் கொடுக்கிறோம். அதில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தைத் துளைத்துவிடும். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்பதும் தப்பு. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்திலேயே ஏறக்குறைய 107 டிகிரியில்தான் கொதிக்கும். அதை விட முக்கியம், அதில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து. கையேட்டில் சொல்லியிருக்கும் வகையில், கலந்தே வரும் கேனை வாங்குங்கள். அடர் கூலண்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்குங்கள். நிறம் ஒத்துப்போகிறது என்பதற்காக வேறு வகையைச் சேர்க்காதீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுத்ததும், காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். முதல் ஒரு மாதம் வாரம் ஒரு தடவை அந்தக் கோட்டைப் பாருங்கள். அரிச்சல்முனை போய் வந்த மறுநாள் ஹோஸ் கிளிப்புகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வடித்த பழைய கூலண்டைப் பட்டறை வாசல் மணலில் கொட்ட விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். கேனில் பிடித்து, இறுக மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயில் எடுக்க வருபவரிடம் கூலண்ட் என்று சொல்லிக் கொடுக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.