பழைய மீன்தொட்டியில் ஆமைக்கு வீடு: பயனுள்ள குறிப்புகள்

மீன் கடைகளில் குட்டியாக விற்கும் 'ரெட் இயர்டு ஸ்லைடர்' ஆமை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் இருக்கும். கடையில் கூடவே தரும் பிளாஸ்டிக் டப்பா அதற்கு வெகு சீக்கிரம் போதாமல் போய்விடும். மீன் வளர்ப்பதை விட்டவர்கள் மொட்டை மாடியில் போட்டு வைத்திருக்கும் நான்கடித் தொட்டி ஒன்று கைக்கு வந்தால் விடாதீர்கள். ஆமையைக் கொண்டுவருவதற்கு முன்பே கீழ்க்கண்ட வேலைகளை வரிசையாக முடித்துவிடுங்கள்.

1. வாங்கும் முன் அளவெடுங்கள். நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். 48 × 18 × 18 அங்குலத் தொட்டி சுமார் 255 லிட்டர் பிடிக்கும். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லிட்டர் என்பது ஆமை வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு.

2. கீறலா, விரிசலா என்று பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டே கோட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். கீறல் ஒரே பக்கத்தில்தான் தட்டுப்படும். விரிசல் கண்ணாடிக்குள் இறங்கி, வெளிச்சம் பட்டால் மின்னும். அடிக் கண்ணாடியில் விரிசல் இருந்தால் ஒட்டுப்போட நினைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். இல்லையென்றால் வேறு தொட்டி பாருங்கள்.

3. ஒழுகுகிறதா என்று வெளியில் வைத்தே சோதியுங்கள். சமதரையில் தெர்மாகோல் போட்டு, அதன்மேல் காய்ந்த செய்தித்தாளை விரித்துத் தொட்டியை வையுங்கள். தாள் நாலு பக்கமும் வெளியே தெரியட்டும். ஒரேயடியாக நிரப்பாமல், மூன்றில் ஒரு பங்காக இடைவெளி விட்டு நிரப்புங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு 24 மணி நேரம் காத்திருங்கள். நீர்மட்டம் சில மில்லிமீட்டர் குறைவது வெயிலின் வேலையாக இருக்கலாம். தாள் எந்த மூலையில் ஈரமாகிறதோ, அங்கேதான் கசிவு.

4. உப்புக் கறைக்கு வினிகர். போர் தண்ணீர் விட்ட வெள்ளைப் படலத்தைச் சுரண்டத் தொடங்காதீர்கள். தொட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, வினிகரில் நனைத்த பழைய துணியைக் கறைமேல் ஒரு மணி நேரம் போட்டுவிடுங்கள். பிறகு தேய்த்தால் போய்விடும். மிச்சத்தைப் பிளேடால் எடுக்கலாம், ஆனால் மூலையில் உள்ள சிலிக்கானில் பிளேடு படக் கூடாது. அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடே வேண்டாம். சோப்பு, டிஷ்வாஷ் எதுவும் ஆகாது.

5. கிருமி நீக்க பிளீச். வாசனை சேர்க்காத திரவ பிளீச் 50 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, உள்பக்கம் முழுக்கத் தடவி 15 நிமிடம் விடுங்கள். வாடை போகும்வரை அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வினிகரை முழுக்கக் கழுவிய பிறகுதான் பிளீச்சைத் தொட வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

6. கசிவு இருந்தால் சிலிக்கானைப் புதிதாகப் போடுவது எப்படி? பழைய சிலிக்கானின் மேல் புதியது சரியாக ஒட்டாது. எனவே ஓட்டையை மட்டும் அடைக்காமல், உள்மூலைகளில் உள்ள பட்டை முழுவதையும் வெட்டி எடுங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள பிடிப்பைத் தொடாதீர்கள். மூலையின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அசிட்டோனால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கானை ஒரே இழுப்பில் போடுங்கள். கையுறை போட்ட விரலால் ஒருமுறை வழித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். அக்வேரியத்துக்கென்று விற்கும் சிலிக்கானையே வாங்குங்கள். குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானில் உள்ள மருந்து ஆமைக்கு ஆகாது. பெரிய தொட்டியை ஒரு வாரம் காயவிட்டு, மூன்றாவது குறிப்பில் சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள்.

7. எங்கே வைப்பது? முழுக்க நிரப்பினால் தண்ணீர், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டில், சுவர் ஓரமாக, ரசமட்டம் பார்த்து வையுங்கள். அடிச்சட்டம் இல்லாத தொட்டிக்குக் கீழே தெர்மாகோல் போடுங்கள். பிளாஸ்டிக் சட்டம் உள்ளதற்குத் தேவையில்லை. நேரடி வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், தண்ணீர் கொதித்துப்போகும்.

8. பழைய கூழாங்கற்களைக் கழித்துவிடுங்கள். ஆமை சிறு கற்களை விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளும். அடியை வெறுமனே விடலாம், அல்லது ஆமையின் தலையைவிடப் பெரிய கற்களைப் போடலாம்.

9. தண்ணீரை விளிம்புவரை நிரப்பாதீர்கள். குறைந்தது ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் இருந்தால், மல்லாந்து விழுந்தாலும் ஆமை தானே திரும்பிக்கொள்ளும். மேலே முக்கால் அடியாவது காலியாக இருக்கட்டும். மேட்டில் ஏறி நின்று எட்டிக் குதிப்பதில் ஆமை கெட்டிக்காரன்!

10. காய்வதற்கு ஒரு மேடை. உடம்பு முழுக்க வெளியே வந்து ஓடு உலரும்படி, ஏறுவதற்குச் சரிவோடு அமையுங்கள். எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் ஓடு அழுகும். மேடையில் 30 முதல் 35 டிகிரி, தண்ணீரில் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் வசதியாக இருக்கும். சமவெளி ஊர்களில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானலில் வேண்டும்.

11. யு.வி.பி. விளக்கு அவசியம். இது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும். மீன்தொட்டியில் ஏற்கெனவே இருந்த விளக்கு இதற்கு உதவாது. மேடைக்கு மேல் ஓர் அடி உயரத்தில், நடுவே கண்ணாடி மூடி இல்லாமல் மாட்டுங்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பலன் இல்லாததும் இதனால்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

12. ஃபில்டர் மீனுக்கு வைப்பதைவிட இரு மடங்கு பெரிதாக இருக்கட்டும். ஆமை மீனைவிட அதிகம் அசுத்தம் செய்யும். தொட்டியோடு வந்த பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புது ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுங்கள். அதன்பின் வாரத்துக்குக் கால் பங்கு போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்தை ஊற்றுங்கள்.

13. வயரைத் தொங்கவிட்டுச் செருகுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறினால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

14. சால்மோனெல்லாவை மறக்காதீர்கள். ஆரோக்கியமான ஆமையின் மேலும் இந்தக் கிருமி இருக்கக்கூடும். ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது இதனால்தான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆமையைத் தொட விடாதீர்கள். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். தொட்டிச் சாமான்களை அடுப்படித் தொட்டியில் கழுவாதீர்கள். அழுக்குத் தண்ணீரைப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம், நல்ல உரம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

15. கடைசியாக, எந்த ஆமை என்பது முக்கியம். நட்சத்திர ஆமை உள்ளிட்ட நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரெட் இயர்டு ஸ்லைடர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. வளர்க்க முடியவில்லை என்று அதைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டால், நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு நிலை வந்தால், வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் தொட்டியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.