முந்தியில் முகம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீ "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வந்து செல்போனில் உன் கல்யாணச் சேலை டிசைனைக் காட்டினாள். முந்தியில் நீயும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாக நிற்கிறீர்கள். கீழே இரண்டு பேர் பெயரும் கல்யாணத் தேதியும். ரவிக்கைக்கு ஆரி வேலை: ஒரு கையில் பல்லக்கு, இன்னொரு கையில் மறுபடியும் உங்கள் முகம். விலை 1,85,000 ரூபாய். முன்பணம் போக மிச்சம் 18 மாதத் தவணை. "இப்ப எல்லாரும் இப்படித்தான் செய்றாங்களாம்" என்றாள். நல்லாயிருக்கு என்று நானும் சொல்லி வைத்தேன். அன்று ராத்திரி கண் மூடவில்லை.

கல்யாணம் உன்னுடையது, சம்பாத்தியமும் உன்னுடையது. தடுக்க நான் யார்? நெசவுக்காரன் என்கிற முறையில் ஒன்றிரண்டு கேட்டுவிடுகிறேன்.

முந்தி எதற்கு இருக்கிறது அம்மாடி? உன் ஆயா அதில் சில்லறை முடிந்து வைப்பாள், உன் மூக்கைத் துடைப்பாள், அடுப்பிலிருந்து பால் குண்டானை இறக்குவாள். பட்டே கட்டியிருந்தாலும் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியதும் கை தானாக முந்திக்குத்தான் போகும். அப்போது யார் முகத்தில் துடைப்பாய்? மாப்பிள்ளை முகத்திலா, உன் முகத்திலா? காரில் ஏறும்போது முந்தி அடியில் மாட்டும். இரண்டு பேர் மேலேயும் ஏறி உட்கார்ந்துதான் நீ மண்டபம் போய்ச் சேர வேண்டும். பீரோவில் வைத்தால் மடிப்பு சரியாக மூக்கில் விழும். மடிப்பை மாற்றாமல் வைத்தால் ஜரிகை அந்த இடத்திலேயே இற்றுப்போகும் என்று உனக்குத் தெரியும். மாற்றி மடித்தால் வாய் போகும். சிரிக்காதே, நிஜத்தைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, தறிக்கு முகம் வராது. இழை நெட்டுக்கும் குறுக்குக்கும்தான் ஓடும். வளைவு என்று எது வந்தாலும் படிப்படியாகத்தான் ஏறி இறங்கும். மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, இருதலைப்பட்சி என்று நம் ஆட்கள் தேர்ந்தெடுத்ததெல்லாம் அந்தப் படியில் நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அன்னத்தின் கழுத்துக்கு அந்தப் படி அழகு. மனுஷக் கன்னத்துக்கு அது அம்மைத் தழும்பு. ஜக்கார்டு கம்ப்யூட்டருக்கு மாறியபிறகு எதையும் நெய்யலாம் என்கிறார்கள். நெய்யலாம்தான்.

2008-ல் ரவிவர்மா ஓவியங்களை ஒரு பட்டுச் சேலையில் நெய்து, தங்கமும் வைரமும் பதித்து, ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய் என்று பேப்பரில் போட்டார்கள். எடை ஏழெட்டு கிலோ. தெருவில் அன்றைக்கு இதே பேச்சுதான். நெய்த கைக்கு நான் கும்பிடு போடுவேன், அது சாதாரண வேலை இல்லை. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு ஒருத்தி குழந்தையைத் தூக்க முடியுமா? கட்டுவதற்கு நெய்தது ஒன்று, காட்டுவதற்கு நெய்தது வேறு.

நம் ஊர் முத்துச் செட்டியார் பாட்டுக்கார எம்.எஸ். அம்மாவுக்கென்று ஒரு நீலம் சாயம் போட்டுக் கொடுத்தாரே, அந்தச் சேலையில் அந்த அம்மாவின் பெயரும் இல்லை, படமும் இல்லை. இருந்தாலும் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள் "எம்.எஸ். ப்ளூ எடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆசையே கூடாது என்று சொல்கிற கிழவன் இல்லை நான். கல்யாணமான புதிதில் உன் பெரியம்மாவுக்கு நதியா கம்மல் வேண்டியிருந்தது. அப்போது நடிகை நதியாவைப் பார்த்து ஊரெல்லாம் நதியா கொண்டை, நதியா வளையல். ராஜவீதியில் பத்து ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் பச்சை பூத்துவிட்டது, ஆசையும் தீர்ந்தது. பத்து ரூபாய் ஆசைக்குத் தவணை கிடையாது.

இந்தக் காட்டிக்கொள்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். 1999-ல் உன் அப்பனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்க் கம்பெனியில் வேலை கிடைத்தது. தறியை விட்டான். அதை நான் குறை சொல்லவில்லை. கூலி எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? என் பிள்ளைகளை மட்டும் நான் தறியில் உட்கார வைத்தேனா? ஆனால் உன் தாத்தா நாற்பது வருஷம் கால் விட்டு உட்கார்ந்த தறிக்குழியில் செங்கல் உடைசலைக் கொட்டி, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டினானே! ஏழு வயதில் அந்தக் குழிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரையை உடலோடு சேர்க்கிற கோர்வைக்கு நாடா தள்ளியவன் நான். பள்ளிக்கூட மணி அடிப்பது காதில் விழும். நாடா தள்ளிக்கொண்டே இருப்பேன். ஒரு பலகை போட்டு மூடியிருக்கலாம். கேட்டால் "வர்றவங்க பார்த்தா நல்லாயிருக்க வேணாமா அண்ணே" என்றான். அந்த டைல்ஸில் பைக்கை நிறுத்தினான். அப்புறம் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதில் நீல விளக்கு. கோடையில் அந்த ஹாலில் மனுஷன் உட்கார முடிகிறதா? தறியை விட்டதும் குழியை மூடியதும் ஒன்றுதானே என்று உன் அம்மா கேட்பாள். ஒன்றில்லை.

சரி, விடு.

ஆயாவின் கல்யாணச் சேலை உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தை கல்யாணத்துக்கு ஆயா அதையே கட்டினாள். உன் அம்மா வளைகாப்புக்கு அதுதான். மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்குப் பெண் பார்க்க வந்தபோது இரவல் போனது. கடைசியில் உடல் நைந்து, நல்ல பாகத்தில் உனக்குப் பாவாடை தைத்தோம். பழைய ஜரிகைக்கு வெள்ளி விலை கொடுக்கிறவன் வாசலில் வந்து நின்றபோதும் கரையை ஆயா கொடுக்கவில்லை. கோர்வைச் சேலை, உடல் கிழிந்தும் கரை பிரியவில்லை. உன் முகமும் தேதியும் போட்ட சேலையை யாருக்கு இரவல் கொடுப்பாய்? உன் மகளே கட்டமாட்டாள்.

முடிவு உன் கையில்தான். எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். தகவலுக்காகச் சொல்கிறேன்: தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது. அரக்கு உடல், இலைப்பச்சைக் கரை, கோர்வை. எதிர்ப்பக்கம் நாடா போட ஆள் கிடைக்கவில்லை. பெரியம்மாவே உட்காருகிறாள். முழங்கால் வலி தேவலைதான், குழிக்கு எதிரே உட்கார்ந்து எழும்போது மட்டும் கொஞ்சம் முனகுகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு நீ ஒன்றும் முடிவு பண்ண வேண்டாம்.

திருப்பிப் படித்துப் பார்த்தேன், திட்டுகிற மாதிரியே இருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. நம் வீட்டில் முதல் டிகிரி நீ வாங்கியது. மெட்ராஸ் பஸ்ஸில் தினமும் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு போய்ப் படித்தவள். உனக்கு நான் புத்தி சொல்வதா? நீ கந்தலைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் எனக்கு மகாலட்சுமிதான். அந்தப் படம் போட்ட சேலையையே கட்டிக்கொள், முதல் வரிசையில் உட்கார்ந்து அழுகிற ஆள் நான்தான். வேண்டுமானால் இரண்டு தவணையை நானே கட்டுகிறேன். கடைக்காரர் டெஸ்டட் என்கிற போலி ஜரிகையைத் தலையில் கட்டாமல் மட்டும் பார்த்துக்கொள். நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும். செம்பு மினுங்கினால் வாங்காதே. காஞ்சிபுரம் என்று சீட்டு ஒட்டியிருப்பதை நம்பாதே. 2005-லேயே நம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது, விசைத்தறிக்காரன் சீட்டு ஒட்டுவதை அது நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தால் பெரியம்மா மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு இட்லி ஊற்றுவதாகச் சொல்கிறாள். மாப்பிள்ளையையும் கூட்டி வா. நல்ல பையன், போட்டோவைவிட நேரில் லட்சணமாக இருக்கிறான்.

உன் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு அம்மாவிடம் கொடுத்தனுப்பு. முந்திக்கு இன்னும் பாவு மாற்றிப் பிட்னி போடவில்லை, உன் பதிலுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். பச்சையா, மாம்பழக் கலரா என்று மட்டும் சொல். அந்தக் கரைக்குச் சேர்வது பச்சைதான். இருந்தாலும் உன் இஷ்டம்.

அன்புடன்,
பெரியப்பா