பதினேழு ஆண்டுகள் காத்திருந்த ஆலோசனை

நிதித்துறையில் சட்டம் இயற்றுவது அரசு. மேற்பார்வை செய்வது மத்திய வங்கி அல்லது ஆணையம். பணம் இருப்பதோ வங்கிகளிடம். இம்மூன்றிலும் சேராத சுயேச்சைச் சிந்தனைக் குழு ஒன்று இத்துறையில் என்ன செய்துவிட முடியும்? லண்டனில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

1993-இல் அங்கு நிதிப் புத்தாக்க ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1995 டிசம்பரில் அம்மையம் மைக்கேல் டெய்லர் எழுதிய 'இரட்டைச் சிகரங்கள்' என்னும் சிறு ஆய்வை வெளியிட்டது. இவர் முன்பு இங்கிலாந்து மத்திய வங்கியில் பணியாற்றியவர். அந்நாளில் பிரிட்டனில் வங்கிக்கு ஒன்று, காப்புறுதிக்கு ஒன்று, பங்குத் தொழிலுக்கு வேறு சில என மேற்பார்வை அமைப்புகள் பலவாக இருந்தன. ஒரே நிறுவனம் இத்தொழில்கள் அனைத்தையும் செய்யத் தொடங்கிவிட்ட பிறகு இந்தப் பிரிவினைக்குப் பொருளில்லை என்றார் டெய்லர். தொழிலை வைத்துப் பிரிக்காமல் நோக்கத்தை வைத்துப் பிரியுங்கள் என்பது அவர் ஆலோசனை. நிறுவனங்கள் நொடித்துப் போகாமல் காப்பது ஓர் அமைப்பின் வேலை. வாடிக்கையாளர் ஏமாற்றப்படாமல் காப்பது மற்றோர் அமைப்பின் வேலை.

ஏன் இரண்டு? இவ்விரு வேலைகளின் குணமே வேறு. ஆட்டங்கண்ட வங்கியைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் போதும், சேமிப்பாளர்கள் வாசலில் கூடிவிடுவார்கள். அதைச் சத்தமில்லாமல்தான் சரிசெய்ய வேண்டும். பொய் சொல்லிக் காப்புறுதி விற்றவரையோ ஊரறியத் தண்டிக்க வேண்டும். ஒரே கையில் இரண்டையும் கொடுத்தால், அன்றைக்கு எது பரபரப்பாக இருக்கிறதோ அதன் பின்னால்தான் கவனம் போகும்.

1997-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி இதை ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவர முடிவு செய்தது. ஆனால் ஆஸ்திரேலியா 1998-இல் இரட்டை முறைக்கு மாறியது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். அவ்வங்கியைச் சரிவரக் கண்காணிக்கவில்லை என்று அந்த ஒற்றை அமைப்பே 2008-இல் ஒப்புக்கொண்டது. 2013 ஏப்ரல் 1-இல் அதன் பணிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. டெய்லரின் ஆய்வு வெளிவந்து அப்போது பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

இதனால் இரட்டை முறைதான் எங்கும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் நாணய ஆணையம் ஒன்றே வங்கி, காப்புறுதி, பங்குச் சந்தை மூன்றையும் கவனிக்கிறது. குறை சொல்லும்படி இல்லை.

சிந்தனைக் குழுக்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இதே மையம் 'வாழைப்பழத் தோல்' என்ற பெயரில் ஒரு கருத்தாய்வும் நடத்திவந்தது. வங்கிகளை எது வழுக்கி விழச் செய்யும் என்று வங்கியாளர்களையும் துறையை அறிந்த பிறரையும் அது கேட்டது. 2005, 2006 இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்ற ஆபத்து என்ன தெரியுமா? அளவுக்கு மீறிய அரசுக் கட்டுப்பாடு! மையம் சுயேச்சையானதுதான், ஆனால் பதில் சொன்னவர்களில் பலர் கட்டுப்பாட்டால் எரிச்சலுற்றிருந்தவர்கள். சிந்தனைக் குழுவுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று விசாரிக்கும் நாம், அது யாரிடம் போய்க் கேட்கிறது என்று விசாரிப்பதில்லை.

2008-ஆம் ஆண்டுக் கருத்தாய்வில் ரொக்கத் தட்டுப்பாடு முதலிடத்துக்கு ஏறியது. அதற்குள் நார்தர்ன் ராக் அரசுடைமை ஆகிவிட்டிருந்தது.