இளமைத் தாய்மையும் இழக்கும் ஊதியமும்

முத்தையாபுரத்தைச் சூழ்ந்த உப்பளங்களில் பெண்களுக்குப் பெரிதும் கிடைப்பது உப்புச் சுமக்கும் வேலை. நாட்கூலிதான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. மழைக்கால நிவாரணமாக அரசு ரூ.5,000 வழங்கத் தொடங்கியதே இதற்குச் சான்று. இவ்வேலைக்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆகவே படிப்பை விட்டுத் தாயான சிறுபெண்ணுக்கு எளிதில் கிட்டுவது இதுவே.

பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்று படிக்கிறோமல்லவா? பால், மருந்துச் செலவு வீட்டாருக்குத் தெரிகிறது; எழுதாமற்போன பத்தாம் வகுப்புத் தேர்வின் செலவு தெரிவதில்லை. தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குக் குறைந்த தகுதி அத்தேர்ச்சியே. அஃதில்லாதவர் இருபத்தைந்து வயதிலும் விண்ணப்பிக்க இயலாது. இழப்பு ஒரு வருடக் கூலியன்று. பணிக்காலம் முழுவதற்குமான மாதச் சம்பளம்.

பெண்ணின் திருமண வயது 1978-இல் பதினெட்டாக உயர்த்தப்பட்டது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் 6.3 விழுக்காட்டினர் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள்.

இங்கு ஒரு முரணைச் சொல்லாதிருக்க முடியவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ரூ.18,000. அதைப் பெறத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளவயதுப் பேற்றைத் தடுக்கும் நோக்கம் நன்றே. ஆனால் பெரியவர்கள் முடித்துவைத்த மணத்திற்குப் பதினேழு வயதுப் பெண் தண்டம் செலுத்துவது எவ்வகை நீதி?

வறுமையால் இளமைத் தாய்மையா, இளமைத் தாய்மையால் வறுமையா என்ற வினாவும் உண்டு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோசப் ஹாட்ஸும் உடன் ஆய்ந்தோரும், பதின்வயதில் தாயானவர்களைக் கருச்சிதைவுற்ற அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டு 2005-இல் எழுதினர். இழப்பு அதுவரை எண்ணியதைவிடச் சிறிது என்றனர். பலர் முன்பே வறியவர்கள். ஆயினும் அந்நாட்டில் பள்ளியை விட்டவர் பின்னாளில் தேர்வெழுதி நிகரான சான்று பெறும் பழக்கம் பரவலானது.

நம்மிடமும் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. குழந்தையை யார் பார்ப்பது என்பதே கேள்வி. அங்கன்வாடியில் இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளையே பகலில் விட்டுவரலாம். அதுவரை பாட்டி அளத்திற்குப் போகாமல் வீட்டில் இருந்தால்தான் தாய் புத்தகத்தைத் தொட முடியும். பாட்டியின் அன்றாடக் கூலியோ அவ்வீட்டின் உலைக்கு அரிசி.